என்.பி.சி. என்றால் ராணுவ மருத்துவப் பணியாளர்களுக்கே பயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது குடியிருப்பது சேலம் கன்னங்குறிச்சியில். ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு மாடிக்கு வருவார்கள். அணு, உயிரி, ரசாயன ஆபத்துகள் பற்றிப் பேசுவோம். படையில் இந்த மூன்றையும் சேர்த்து என்.பி.சி. என்போம். இப்போதைய பெயர் சி.பி.ஆர்.என்.; பழகின வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகளும், மூக்கனேரிக் கரையில் நடை போகும்போது நிறுத்திக் கேட்பவர்களும் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். படை ரகசியம் எதுவும் இதில் இல்லை. கருத்துகள் மட்டும் என்னுடையவை.

அண்ணா, இந்த மூன்றில் ராணுவ மருத்துவப் பணியாளர்கள் எதற்கு அதிகமாகப் பயப்படுவார்கள்?

எதற்கு அதிகம் என்பதைவிட, எப்படிப்பட்ட பயம் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். மூன்றும் மூன்று விதம்.

அணு என்றதும் பேரக்கில், அதாவது சிப்பாய்கள் தங்கும் கூடத்தில், வரும் முதல் பேச்சு, "அது விழுந்தா நீயும் இல்ல, நானும் இல்ல, அப்புறம் எதுக்கு இந்த வகுப்பு?" கேட்க வீரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது கைகழுவல். ஒன்றும் செய்ய முடியாது என்று தீர்மானித்தவன் பயிற்சியில் தூங்குவான். உயிரி என்றால் பயம் வீட்டைப் பற்றியது: "நான் செத்தாலும் பரவாயில்ல, பிள்ளைக்கு ஒட்டிடக் கூடாது." ரசாயனம் என்றால் கருவியைப் பற்றியது: முகமூடி சரியாக ஒட்டுமா, வடிகட்டி பழசா, விஷமுறிவு ஊசி வேலை செய்யுமா.

பாடம் நடத்துபவர்கள் மூன்றையும் ஒரே வகுப்பில், ஒரே குரலில் நடத்துவார்கள். அங்கேதான் தவறு என்பது என் அனுபவம். முதல் ஆளுக்கு நம்பிக்கை வேண்டும். இரண்டாவது ஆளுக்குக் குடும்பத்துக்கான ஏற்பாடு வேண்டும். மூன்றாவது ஆளுக்கு வேண்டியது நல்ல முகமூடி.

பயம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-ல் இதை இரண்டு அளவுகோல்களாகச் சொன்னார்: ஒன்று, எவ்வளவு கொடூரமாகத் தோன்றுகிறது, மற்றது, எவ்வளவு தெரியாததாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது, தாமதமாகத் தாக்குவது, நம் கட்டுப்பாட்டில் இல்லாதது எல்லாம் உண்மையான ஆபத்தைவிடப் பெரிதாகத் தெரியும். என்.பி.சி.க்கு இந்த எல்லாப் பொருத்தமும் இருக்கிறது.

ஏற்காடு மலை ஏறும்போது பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. ஸ்டீயரிங் பிடித்தவருக்கு வாந்தி வராது, பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் வரும். அதே வளைவு, அதே பஸ். படையிலும் அப்படித்தான். டாக்டருக்கு என்ன நடக்கிறது என்று தெரியும்; ஆம்புலன்ஸ் டிரைவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்குபவரும் டிரைவரும்தான் மாசு பட்டவரை முதலில் தொடுகிறார்கள். அவர்களைத்தான் வகுப்புக்குக் கடைசியில் கூப்பிடுகிறார்கள்.

ராணுவத்தில் உத்தரவு போட்டால் போயாகணுமே. பயந்தால் என்ன, பயப்படாவிட்டால் என்ன?

சிவில் மருத்துவமனைகளில் "பணிக்கு வருவாயா?" என்று கேட்டே ஆய்வு நடந்திருக்கிறது. நியூயார்க் பகுதியில் 47 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 6,428 பணியாளர்களிடம் கேட்டு 2005-ல் வெளியிட்டார்கள். சார்ஸ் பரவினால் வருவேன் என்றவர்கள் 48 சதவீதம். கதிரியக்கச் சம்பவம் என்றால் 57, ரசாயனம் என்றால் 68. சாதாரணமாகப் பலர் அடிபடும் விபத்து என்றால் 86. அதே ஆட்கள்தான். காயம் என்றால் ஓடி வருகிறார்கள், கண்ணுக்குத் தெரியாதது என்றால் தயங்குகிறார்கள்.

சீருடைக்காரனுக்கு "வருவாயா" என்ற கேள்வியே கிடையாது. அவன் வந்துவிடுவான். ஆனால் பயம் வேறு வழியில் வெளியே வரும். கையுறையை மூன்று தரம் சரிபார்ப்பான், நோயாளியிடமிருந்து அரை அடி தள்ளி நிற்பான், நரம்பில் ஊசி ஏற்ற நான்கு தரம் குத்துவான். ஆஜர் பட்டியலில் இது எதுவும் பதிவாகாது. அதனால் "எங்கள் யூனிட்டில் எவருக்கும் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

என்.பி.சி. பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே? பிறகு என்ன பயம்?

போட்டுப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

உள்ளே கரி பூசிய துணி, மேலே இன்னொரு அடுக்கு, ரப்பர் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, முகமூடி. சேலத்துச் சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வியர்வை வெளியேற வழியில்லை. முழு உடையில் ஓடியாடி வேலை செய்தால் எதிரியின் விஷத்துக்கு முன் சூடே ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் கடிகாரம் வைத்துப் பிரிக்கிறார்கள்.

மருத்துவப் பணியாளருக்குக் கூடுதல் தொல்லைகள் உண்டு. தடித்த கையுறைக்குள் நாடி தெரியாது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைக்க முடியாது. பேசினால் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதால் டாக்டர் யார், டிரைவர் யார் என்று தெரியாது. மார்பில் பெரிதாகப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும் நோயாளிக்கோ நம் முகம் தெரியாது. ஏற்கெனவே பயந்து கிடப்பவன் மேல் கண்ணாடிக் கண்ணோடு ஒரு பூதம் குனிந்தால் என்ன ஆவான்?

அப்புறம் மூச்சு. முதல் தரம் முகமூடி போட்டவர்களில் சிலருக்கு மூச்சு முட்டுவது போலிருக்கும், பிய்த்து எறிவார்கள். காற்று குறையவில்லை, மனம் பதறுகிறது, அவ்வளவுதான். எங்களுக்குப் பயிற்சி தந்த உஸ்தாத் ஒருவர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்: முகமூடியோடு வாலிபால். முதல் நாள் பத்து நிமிடம்கூட ஆட முடியவில்லை. பதினைந்தாம் நாள் முகமூடி இருப்பதே மறந்து புள்ளிக்குச் சண்டை போட்டோம். அந்தப் பதினைந்து நாளில் வாயு பற்றி அவர் புதிதாக ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை.

நரம்பு வாயு என்கிறார்களே, அது என்ன? நம்மூர் நர்ஸ்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

தெரியாது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நிறையவே தெரியும்.

சாரின் போன்ற நரம்பு நச்சும், வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்தும் ஒரே குடும்பம். இரண்டும் உடம்பில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நரம்பு இட்ட கட்டளையை அணைக்க ஆளில்லாமல் போய்விடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் எச்சில் வழியும், வியர்வை கொட்டும், தசை துடிக்கும், நுரையீரலில் சளி நிரம்பி மூச்சு அடைக்கும். மருந்தும் ஒன்றுதான்: அட்ரோபின், கூடவே பிராலிடாக்சிம்.

சேலம் அரசு மருத்துவமனை போன்ற இடத்தின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்த்த செவிலியர் எவரும் "மருந்து கேஸ்" பார்த்திருப்பார். நுரையீரல் தெளியும் வரை அட்ரோபின் கொடுப்பது, துணியைக் கழற்றித் தோலைக் கழுவுவது, அந்த வாடையில் தனக்கே தலை சுற்றுவது எல்லாம் அவருக்குப் பழக்கம். படையில் பலர் பாடமாகப் படித்து, ஊசியைப் பொம்மையில் குத்திப் பழகியதை இவர் கையால் செய்திருக்கிறார். ஒரு வகுப்பில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், பதினைந்து வருட அனுபவம், எழுந்து, "அப்ப சாரின்னா பெரிய மோனோகுரோட்டோபாஸ் தானுங்களா?" என்றார். வேகத்திலும் வீரியத்திலும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் அடிப்படை அதுதானுங்க என்றேன். அன்று அந்த அறையில் பாதிப் பயம் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. விஷம் ஏறாதவருக்கு அட்ரோபின் போட்டால் வியர்வை நின்றுவிடும், நாடி ஓடும், கண் மங்கும். வெயிலில், அதுவும் அந்த உடைக்குள், அது தனி ஆபத்து.

சேலத்தில் எதற்குத்தான் பயப்படணும்?

அணுகுண்டுக்கு அல்ல.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வைக்கும் குளோரின் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கருகே ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே குளோரினைத்தான். நான்கு நாள் கழித்து அங்கே போரிட்ட நம் லாகூர் டிவிஷன் சிப்பாய்களும் அதைச் சுவாசித்தார்கள். ஜமேதார் மீர் தஸ்த் வாயுவுக்கு நடுவே எட்டு அதிகாரிகளைத் தூக்கிவந்து விக்டோரியா கிராஸ் பெற்றார். அந்த நெடி அதற்குப் பிறகும் அவர் உடம்பை விடவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு இன்னொன்று தெரியும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் எழும் பழுப்புப் புகை. அதை இழுத்தவருக்கு உடனே லேசான இருமல்தான் இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் அதிகம் பேரைக் கொன்ற பாஸ்ஜீன் வாயுவின் குணமும் இதுதான். படை வகுப்பில் "தாமதமாகத் தாக்கும் வாயு" என்று சொன்னால் புரியாத பிள்ளைகளுக்கு, "கொலுசுப் பட்டறைப் புகை" என்றதும் புரிந்துவிடுகிறது.

குச்சிக்கிழங்கு இன்னொரு பாடம். ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரிக்குப் போகும் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு சேர்மம் இருக்கிறது. அரைத்து, ஊறவைத்து, அலசி, காயவைத்துத்தான் ஜவ்வரிசி ஆகிறது. நம் பாட்டிமார்கள் கசப்புக் கிழங்கை ஒதுக்கியதும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டியதும் சயனைடு பற்றிப் படித்துவிட்டு அல்ல. பழகிய ஆபத்து பயமாகத் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வாயு கசிந்தால் ஏற்காட்டுக்கு ஓடிவிடலாமா?

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் பாதி சரிதான். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கும். சேலமோ சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். ஆகவே மேட்டுக்குப் போவது நல்லது. அதற்கு முன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக நகர வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் நம்மோடு வரும். அடிவாரம் செக்போஸ்ட் வரை போக வேண்டியதில்லை. பல சமயம் பக்கத்து வீட்டு மாடியே போதும்.

நோயாளியிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொள்ளுமா? மருத்துவப் பணியாளர்கள் இதைச் சரியாக மதிப்பிடுகிறார்களா?

இங்கேதான் பயம் தேவையான இடத்தில் இல்லாமல், தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1943 டிசம்பர் 2. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. அங்கே நின்ற அமெரிக்கக் கப்பல் ஒன்றில் கந்தகக் கடுகு வாயுக் குண்டுகள் ரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. எண்ணெயும் கடுகு வாயுவும் கலந்த கடலில் விழுந்து எழுந்த மாலுமிகளை மருத்துவப் பணியாளர்கள் வழக்கமான அதிர்ச்சி நோயாளிகளாக நினைத்து, ஈர உடையோடு கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். அன்போடு செய்ததுதான். விடிவதற்குள் கண் எரிந்தது, தோல் கொப்பளித்தது. 600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரத் துணியைக் கழற்றிக் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியவர்கள் ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின். ஒரே மருத்துவமனைக்கு அன்று 640 பேர் வந்தார்கள், நிறையப் பேர் தாங்களாகவே. உடை மாற்றாமல் உள்ளே விட்டார்கள். பிறகு கேள்வித்தாள் நிரப்பிய 472 பணியாளர்களில் 110 பேர் தங்களுக்கும் கண் மங்கல், தலைவலி போன்ற தொல்லைகள் வந்ததாகச் சொன்னார்கள்.

ஆக ரசாயனத்தில் ஒட்டுதல் நிஜம். துணியைக் கழற்றினாலே பெரும்பகுதி போய்விடும், மீதிக்குத் தண்ணீர். எங்கள் உஸ்தாத் பாஷையில், "முதல்ல கத்திரிக்கோல், அப்புறம் ஊசி."

கதிர்வீச்சு பட்டவரைத் தொட்டால்?

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த உங்கள் அத்தையைத் தொட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கதிர் பட்டவர் வேறு, கதிரியக்கத் தூள் ஒட்டியவர் வேறு. முதலாமவரால் நமக்கு ஆபத்தே இல்லை. இரண்டாமவருக்கும் உடையைக் கழற்றி, தோலைக் கழுவி, நாம் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டால் அச்சமின்றி வேலை செய்யலாம். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்து, கதிர்வீச்சை அளக்கும் கருவி அப்புறம். இதை எத்தனை தரம் சொன்னாலும், அந்தக் கருவி டிக்டிக் என்றதும் அனுபவசாலிகளே இரண்டடி பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியே வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் சுமார் 1,12,000 பேர். மாசு இருந்தது 249 பேருக்கு. மீதிப் பேருக்கு இருந்தது பயம். நம் நாட்டிலும் 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 சிக்கி ஒருவர் இறந்தார். போர் எதுவும் இல்லை, ஏலத்தில் போன பழைய கருவி. பழைய இரும்புக் கடை நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஒரு சிக்கல்: அதிகக் கதிர் பட்டால் வாந்தி வரும், சீக்கிரம் வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். ஆனால் பயந்தாலும் வாந்தி வரும். அதனால்தான் வாந்தியை மட்டும் நம்பாமல் இரண்டு நாளுக்கு ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

அயோடின் மாத்திரை வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம். அது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்க மட்டும்தான். மற்றக் கதிரியக்கப் பொருள் எதற்கும் உதவாது. 2011-ல் ஃபுகுஷிமா விபத்து நடந்ததும் சீனாவில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். உப்பால் ரத்த அழுத்தம்தான் ஏறும்.

உயிரி ஆயுதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவி பீப் அடிக்காது. முதலில் பார்ப்பவர் எம்.ஐ. ரூமில், அதாவது யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறையில், உட்கார்ந்திருக்கும் நர்சிங் அசிஸ்டென்ட். ஒரே பேரக்கிலிருந்து மூன்று பேர் காய்ச்சலோடு வருவார்கள். "வைரல்தான், பாராசிட்டமால் போடு" என்று பதிவேட்டில் எழுதுவார். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அணுவுக்குப் பயப்படுபவர்கள் காய்ச்சலை அலட்சியம் செய்வது இந்தத் துறையின் பெரிய விசித்திரம்.

எல்லாக் கிருமியும் ஆளுக்கு ஆள் தொற்றாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2001-ல் அமெரிக்காவில் கடித உறைகளில் வந்த ஆந்த்ராக்ஸால் 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள். அது வேறு எதுவுமில்லை, நம்மூரில் மாட்டுக்கு வரும் அடைப்பான்தான். மலையடிவாரத்தில் மாடு வளர்க்கும் பெரியவர்கள், அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வார்கள். நோயாளியைத் தொடுவதால் அது பரவுவது மிக மிக அரிது. பெரியம்மை அப்படியல்ல, நிபா அப்படியல்ல. கேரளத்தில் 2018-ல் நிபா நோயாளியைப் பார்த்த செவிலியர் லினி அதே நோயில் இறந்தார். பெயரைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: அவசரம் வந்தால் உங்கள் குழந்தையை யாரிடம் விடுவீர்கள்? இதற்குப் பதில் வைத்திருப்பவர்தான் நிம்மதியாக வேலை செய்வார்.

பயந்து வருகிறவர்களை என்ன செய்வது?

தனி இடம், தனி ஆள். 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல் மீது இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தன. ஒன்றில்கூட ரசாயனம் இல்லை. இருந்தும் அவசரப் பிரிவுக்கு வந்த சுமார் ஆயிரம் பேரில் கால்வாசிப் பேர்தான் ஏவுகணையால் காயம்பட்டவர்கள். மீதிப் பேரில் பாதிக்கு மேல் பதற்றம். 200க்கும் மேற்பட்டோர் தேவையில்லாமல் அட்ரோபின் ஊசியைத் தங்களுக்கே குத்திக்கொண்டவர்கள். முகமூடி வடிகட்டியின் மூடியைக் கழற்ற மறந்து மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்யாதீர்கள். "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்றால் போக மாட்டார்கள். பெயர் எழுதி, உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி பார்த்தால் பெரும்பாலோர் தாங்களே எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

இந்தியாவிடம் ரசாயன ஆயுதம் இருக்கிறதா?

இருந்தது. சர்வதேச உடன்படிக்கையின்படி 1997-ல் அறிவித்து, 2009-ல் முழுவதையும் அழித்து முடித்தது.

என் பையன் ஏ.எம்.சி.க்கு, அதான் ராணுவ மருத்துவப் படைக்கு, தேர்வாகியிருக்கான். இதெல்லாம் படிச்சா பயமா இருக்குங்க சார்.

அம்மா, உங்கள் பையன் பார்க்கப்போவது பெரும்பாலும் கால் சுளுக்கு, மலேரியா, மலையுச்சிக் குளிரில் வீங்கிய கால். என்.பி.சி. வகுப்பு வந்தால் பின்வரிசையில் உட்கார வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

சேலத்தில் ஏதாவது நடந்தால் யார் வருவார்கள்?

இதற்கென்று பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து சென்னை போகும் ரயில் பாதையில்தான். அவர்கள் கிளம்பி வந்து சேர நேரமாகும். அதுவரை தீயணைப்புத் துறை, 108 ஆம்புலன்ஸ், பக்கத்து மருத்துவமனை வாசலில் நிற்கும் செவிலியர், அவ்வளவுதான். அந்தச் செவிலியருக்காகத்தான் ஞாயிறு வகுப்பு.

வகுப்புக்கு வர என்ன வேண்டும்?

காசு எதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது மூன்று முகமூடிகள், கடையில் வாங்கிய தொழிற்சாலை ரகம். முறை போட்டுத்தான் பழக வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணாடிக் காது இடுக்கில் காற்றுப் புகும், அதற்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். தாடி வைத்திருக்கும் தம்பிகள் சவரம் செய்துவிட்டு வரவும். போன வாரம் ஒருவர் மறுத்துவிட்டு, வெளியே நின்று வாலிபாலுக்குப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்.